வீடு ஒழிக்கிற செவ்வாய்

கிருஷ்ணமூர்த்திபுரம், மைசூர்
8-12-2024

ரங்கம்மா நங்கையாவுக்கு மாரக்காள் கும்பிட்டு எழுதுகிறேன்.

எழுந்து நடக்கிறேன், சமைத்தால் சாப்பிடுகிறேன். அதற்குப் பெயர் சுகம் என்றால் நான் சுகம். உங்கள் முட்டி வீக்கம் வற்றியதா? காது எப்படி என்று கேட்கமாட்டேன். கேட்டால் திட்டுவீர்கள்.

பரத் போன் செய்தான். "எதுக்கத்தை லெட்டரு? எனக்கு வாய்ஸ் அனுப்புங்க, அம்மாவுக்கு நான் எழுதிக் காட்டறேன்" என்றான். உங்கள் மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனால் நான் உங்களிடம் அழுவதை அவன் ஏன் எழுதிக் காட்ட வேண்டும்? நாலாங்கிளாஸ் படித்த கை இது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், புரட்டாசியில் போனார். மார்கழி வரப்போகிறது. வீட்டில் இருமல் சத்தம் இல்லை நங்கையா. முப்பது வருஷம் அந்த இருமலைத் திட்டினேன். இப்போது அது இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் ஜெயகிருஷ்ணன் விஜயநகரிலிருந்து வந்தார். கூட ஒரு ஆள். அந்த ஆள் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், கூரையை அண்ணாந்து பார்த்தான். கையில் சின்ன மெஷின் வைத்து அளந்தான். டேப் இல்லை, கயிறு இல்லை, சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் ஓடியது. உங்கள் தம்பி போட்டோ மேலேயும் ஓடியது.

"என்னங் தம்பி அளக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சும்னே, அண்ணி" என்றார்.

சும்மா யாராவது வீட்டை அளப்பார்களா? உங்களிடம் ஏதாவது சொன்னாரா? எழுதுங்கள். முட்டிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்கள்.

மாரக்காள்

•

ராமாபுரம்
27-12-2024

மாரா,

கண் தெரிகிறது, கை எழுதுகிறது. முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ ஒரு வேளையாவது வயிறு நிறையச் சாப்பிடு. நான் எழுதி வைத்தால் பரத் சந்தைக்குப் போகும்போதுதான் தபாலில் போடுகிறான். கவரை ஒட்டுவதும் அவன்தான். அதனால் தாமதமானால் என்னைத் திட்டாதே.

ஜெயகிருஷ்ணன் அளந்தால் அளந்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டை அளந்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் பூட்டன் சேலம் பக்கத்திலிருந்து கல் வேலைக்கு வந்தவர். மேலே வெள்ளைக்காரன், ராஜா சின்னப் பிள்ளை, ராணியம்மா பார்த்துக்கொண்ட காலம். பிளேக் வந்தது. கோட்டைப் பக்கத்துச் சந்துகளில் முதலில் எலி விழுந்தது, பிறகு ஆள் விழுந்தது. சர்க்கார் ஆட்கள் வந்து ஜனங்களை வெளியே தள்ளிக் கூரையைப் பிரித்தார்கள். வெயில் பட்டால்தான் நோய் சாகும் என்றார்களாம். கொட்டகையில் கிடந்த ஜனத்தைக் குடிவைக்கத்தான் புதுத் தெருக்களை நேராக, அகலமாகப் போட்டார்கள். அந்தத் தெருவின் சாக்கடைக் கல் பூட்டன் போட்டது. அவருக்கும் ஒரு மனை கிடைத்தது.

புது வீட்டில் அடுப்பு மூட்டிய அன்று பூட்டி சொன்னாளாம். "அவிய வந்து நம்மளப் புடிச்சுத் தள்றதுக்கு முந்தி, வருசத்துக்கு ஒருநா நாமளே வெளிய போயிரோணும்." அதுதான் வீடு ஒழிக்கிற செவ்வாய். சித்திரை முதல் செவ்வாய் விடியும் முன் அடுப்பை அணைத்து, அடுப்படி மேலே இரண்டு ஓடுகளைக் கழற்றி, கதவைத் திறந்தே போட்டுவிட்டு ஊருக்கு வெளியே போக வேண்டும். அங்கேயே பொங்கிச் சாப்பிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். நடுவில் நோயைக் கொண்டுவருகிற அம்மா வந்து எட்டிப் பார்ப்பாள். ஆள் இல்லை என்றால் போய்விடுவாள். ஆள் இருந்தால் அந்த ஆளோடு தங்கிவிடுவாள்.

உனக்குத் தெரியாததா? போன சித்திரையில் நீங்கள் இரண்டு பேரும் தெரியாமலா உள்ளே இருந்தீர்கள்?

மேலே எழுத வரவில்லை.

ரங்கம்மா

•

மைசூர்
11-1-2025

நங்கையாவுக்கு,

கடிதம் வந்தது. பொங்கல் எனக்கு இல்லை, உங்களுக்கு நல்லபடி பொங்கட்டும். தலைவலி இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

கடைசி வரியை நாலு தரம் படித்தேன். போன சித்திரையில் அவருக்கு எழுந்து உட்காரவே மூச்சு இல்லை. "நீ போடி, நான் இப்பிடிக் கெடக்கறேன்" என்றார். மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனைக் கதவைத் திறந்துபோட்டு விட்டுப் போக முடியுமா? நீங்கள் போயிருப்பீர்களா? உள்ளே இருந்தது நான்தான், நாங்கள் இரண்டு பேரும்தான். அம்மா ஏன் அவரை மட்டும் பிடித்தாள் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெயகிருஷ்ணன் மறுபடி வந்தார். ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அண்ணி, ஒத்தையில கெடந்து என்ன பண்றீங்க? கூரை மரமெல்லாம் உளுத்துப்போச்சு. மழையில தலைமேல விழும். எங்க மாடியில ரூம் காலியா இருக்கு. அட்டாச்ட் பாத்ரூம்."

"இங்கயும் பாத்ரூம் இருக்குதுங் தம்பி. கொஞ்சம் எட்ட இருக்குது, அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. டூரிஸ்டுகளுக்கு லாட்ஜ் கட்டுகிற ஒருத்தர் கேட்கிறாராம். எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீடு போய்விட்டது உங்களுக்குத் தெரியாது. ஒன்று ஹோம்ஸ்டே, இன்னொன்று வெறும் பள்ளம். காலி வீடாக இருந்தால்தான் அந்த ஆள் வாங்குவானாம், உள்ளே ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் தொடமாட்டானாம். நான் அசையவில்லை. அப்போது சொன்னார்.

"ரங்கக்காவே ஆகட்டும்னுட்டா. நீங்க மட்டும்தான் சும்னே ஹட பண்றீங்க."

நான் பிடிவாதம் பிடிக்கிறேனாம். நீங்கள் ஆகட்டும் என்றீர்களா? பிறந்த வீட்டில் உங்களுக்கும் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆமாம் என்றாலும் எழுதுங்கள், இல்லை என்றாலும் எழுதுங்கள். எனக்குக் குழந்தை குட்டி இல்லை. அவர் செத்த கட்டில் இந்த வீட்டில் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்கு.

பதிலுக்குக் காத்திருக்கிற
மாரக்காள்

•

ராமாபுரம்
19-2-2025

மாரா,

தலைவலிக்குச் சுக்கு அரைத்துப் பற்றுப் போடு. இங்கே மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது. காட்டுப்பன்றி தின்றது போக மிச்சம் நமக்கு. பரத் நாய் வாங்கியிருக்கிறான், அது பன்றியைக் கண்டால் வீட்டுக்குள் ஓடி வருகிறது.

இந்தத் தடவை செவ்வாய்க்கு எந்தப் பக்கம் போவதாகப் பேச்சு? எங்கள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது குக்கரஹள்ளி ஏரிக் கரைதான் ஊருக்கு வெளியே. அங்கே மூன்று கல் நட்டு, மஞ்சள் பூசி, அம்மா என்று கும்பிட்டுப் பொங்கினார்கள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். சுதந்திரம் வந்த வருஷம் ராஜா அதிகாரத்தை விடவில்லை என்று அரண்மனை முன்னால் கூட்டம் கூடியபோது, வேலையைப் போட்டுவிட்டுப் போய்த் தடியடி வாங்கி வந்தார். பிறகு ஏரிக்கரையைச் சுற்றிக் காலேஜ் வந்தது. நாம் ஏரியைத் தாண்டிப் போனோம். உன் ராமாபுரம் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து மைசூர் ராஜ்யத்துக்கு வந்தபோது எனக்கு மூணு வயசு. பின்னால் அங்கேயே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள், பிறகு உன்னை அங்கிருந்து என் தம்பிக்குக் கொண்டுவந்தேன்.

நான் கல்யாணமாகிப் போகும்வரை கேழ்வரகுக் கொல்லைகளில்தான் பொங்கினோம். ஒரு வருஷம் ஜெயகிருஷ்ணன் காணாமல் போனான். கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவன். அறுத்த தாளுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், நான்தான் தூக்கி வந்தேன். அந்தக் கொல்லைதான் இப்போது விஜயநகர். அவன் கார் நிறுத்துகிற இடத்தில் நாங்கள் அடுப்பு மூட்டியிருக்கிறோம்.

ஒன்று மறக்காதே. எங்கே போனாலும் போ. கதவைப் பூட்டக் கூடாது.

ரங்கம்மா

•

மைசூர்
2-3-2025

நங்கையாவுக்கு,

நடமாட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டு நாயும் சுகமாக இருக்கட்டும்.

நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது பன்றியும் கேழ்வரகும். ஆகட்டும் என்றீர்களா என்று கேட்டேன். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பேப்பரில் இடம் இல்லையா?

இப்போது இன்னொன்று கேளுங்கள். நேற்று ஜெயகிருஷ்ணன் போன் செய்தார். உடம்பு எப்படி, கேஸ் சிலிண்டர் தீர்ந்ததா என்று விசாரித்தார். கடைசியில், "இந்த வருஷம் ஒழிக்கிற செவ்வாய் என்னைக்கு அண்ணி? பதினஞ்சாம் தேதியா?" என்றார். வீடு கட்டிப் போனதிலிருந்து அவர் அந்த நாளுக்கு வந்ததே கிடையாது. "அந்த ஓல்டு கஸ்டம்" என்று சிரிப்பார். இப்போது தேதி எதற்கு?

எனக்குப் பயம் பிடித்துவிட்டது நங்கையா. விடிகாலையில் போனால் விளக்கு வைக்கிற வரைக்கும் வீடு திறந்து கிடக்கும். உள்ளே ஆள் இல்லை. கூரையில் ஓட்டை. அவர் ஒரு பூட்டைப் போட்டால் போதும். நான் தெருவில் நின்று யாரிடம் போய்ச் சொல்வேன்? சாமான் எல்லாம் அவர் வீட்டு மாடிக்குப் போய்விடும், பின்னாலேயே நானும் போவேன்.

தெருவில் மற்றவர்கள் இப்போது பூட்டிவிட்டுத்தான் போகிறார்கள். மத்தியானமே வந்துவிடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரி சொல்கிறாள், "கேமரா வெச்சிருக்கோம், அம்மா வந்தா போன்லயே தெரியும்" என்று.

நானும் பூட்டிக்கொண்டு போகட்டுமா? இல்லை, போகாமலே இருந்துவிடட்டுமா? ஒரு சொல் எழுதுங்கள்.

மாரக்காள்

•

ராமாபுரம்
14-3-2025

மாரா,

இருக்கிறேன்.

நீ போக வேண்டும். கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முன்கதவு, அடுப்படிக் கதவு, இரண்டும். பூட்டு எடுத்தாய் என்று தெரிந்தால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன். இதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதே.

என் தம்பி ஒருத்தன் போனது போதும்.

ரங்கம்மா

•

மைசூர்
25-3-2025

நங்கையாவுக்கு,

உங்கள் கடிதம் பேப்பரைவிடச் சின்னது. சுகமா என்று கூட ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டுக்கொள்கிறேன். சுகமா?

இப்போது எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பரத் போன வாரம் விஜயநகருக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போனான். எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியின் மகள் அவர்களை ஓட்டலில் சேர்ந்து பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஜெயகிருஷ்ணன் தேதி கேட்கிறார். அந்தப் பக்கம் நீங்கள் கதவைத் திறந்துபோடு, கேள்வி கேட்காதே என்கிறீர்கள். நாலாங்கிளாஸ் படித்தவளுக்கும் ரெண்டும் ரெண்டும் நாலு என்று தெரியும்.

நான் உங்கள் தம்பியைக் கொன்றேன் என்று நினைக்கிறீர்கள். வாயால் சொல்லவில்லை, சொல்லாமல் ஒவ்வொரு கடிதத்திலும் சொல்கிறீர்கள். அவர் கடைசியாக நினைவோடு இருந்தபோது தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "ஓட்டை மாத்தோணும் மாரா, அடுப்படிமேல ஒழுகுது" என்றார். சாகிறபோதும் ஓட்டைப் பற்றிப் பேசிய மனுஷன். அந்த வீட்டை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆனாலும் போவேன். உங்களுக்காக இல்லை. போன வருஷம் போகாததற்கு நான் செலுத்தியது போதும். அவருக்காகப் போவேன், கதவைத் திறந்துபோட்டே போவேன். அம்மா வந்தாலும் சரி, உங்கள் தம்பி வந்தாலும் சரி.

மாரக்காள்

•

மைசூர்
8-4-2025

நங்கையாவுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபமாக எழுதிவிட்டேன், கோபம் போகவும் இல்லை. ஆனால் உடம்புக்கு என்ன என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. பரத்துக்குப் போன் செய்தால் "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, மாதேஸ்வரன் மலைக்குப் போகோணும்ங்கறாங்க" என்றான்.

அடுத்த செவ்வாய்தான். ஏணியைச் சரிபார்த்து வைத்தேன். ஓடு கழற்றுவது எப்போதும் அவர் வேலை.

மாரக்காள்

•

மைசூர்
20-4-2025

ரங்கம்மா நங்கையாவுக்கு,

காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுகிறேன். பஸ்ஸிலும் காரிலும் அலைந்த உடம்பு, எப்படி இருக்கிறது?

நேரில் பார்த்தும் ஒன்றும் பேசவில்லை. நான் பேசினால் உங்களுக்குக் கேட்காது, கைஜாடையில் சொல்லக் கூடியதும் இல்லை. மறுநாள் விடிந்ததும் பரத் காரோடு வந்து நின்றுவிட்டான். அதனால் அன்றைக்குக் கதவுக்கு வெளியே எனக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

விடிவதற்கு முன் அடுப்பில் தண்ணீர் தெளித்தேன். ஏணி போட்டு நானே ஏறினேன். முதல் ஓடு லேசாக வந்தது. இரண்டாவது வரவில்லை. "வாடி, வெளிய வா" என்று அவர் மாதிரியே அதைத் திட்டினேன். வந்தது. இறங்கி வந்து கதவுகளைத் திறந்துபோட்டேன். அவர் போட்டோவை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். ஆள் உள்ளே இருக்கக் கூடாதல்லவா?

லக்கேஜ் ஆட்டோவில் போனோம். இலவாலா பக்கம், ரிங் ரோட்டைத் தாண்டி. மொத்தம் நாலு வீட்டு ஆட்கள்தான். மூன்று கல் நட்டு மஞ்சள் பூசி அடுப்பு பற்றவைத்தோமோ இல்லையோ, ஒரு வாட்ச்மேன் ஓடி வந்தான். "ஏனம்மா இது, பிரைவேட் லேஅவுட்டு! இல்லி அடுகெ மாடபேடி" என்று சத்தம் போட்டான். இங்கே சமைக்காதே என்கிறான். பார்த்தால் சுற்றிலும் முளைக்குச்சி, கயிறு, ஸைட் நம்பர். எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "ஊருக்கு வெளியேன்னு ஒரு இடம் இருந்தா நீயே காட்டுப்பா, அங்க போறோம்" என்றாள். அவன் யோசித்தான். அவனுக்கும் தெரியவில்லை. "சீக்கிரம் பொங்கிட்டுப் போங்க" என்று தமிழில் சொன்னான். அவன் ஹனூர்க்காரனாம், நம் ராமாபுரத்துப் பக்கம். பொங்கலை வாங்கித் தின்றான்.

மத்தியானமே மற்றவர்கள் கிளம்பினார்கள். நான் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்ப வேண்டும் என்று எழுதினீர்களே, அதில் ஒரு நிமிஷம் கூடக் குறைக்க மனசு வரவில்லை. பிறகு இரண்டு பஸ் மாறி வந்து தெருவில் இறங்கினேன். தூரத்திலேயே தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது.

கிட்டே போய்த் தள்ளினேன். உள்தாழ்ப்பாள். தட்டினேன். பதில் இல்லை. பின்கதவுக்கு ஓடினேன், அதுவும் தாழ். உள்ளே யாரோ இருக்கிற அரவம் மட்டும் கேட்டது. கொழுந்தனாரை இதுவரை தம்பி என்று தவிர வேறு கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன். "ஜெயகிருஷ்ணா! தொறடா கதவை! செத்தவன் எழவு கூட ஆறலை, அதுக்குள்ள தாழ் போடறியா!" தெருவே வெளியே வந்துவிட்டது. உங்கள் பெயரையும் சொன்னேன் நங்கையா. என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். உங்களுக்குக் கேட்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

காலையில் சாய்த்த ஏணி பின்சந்துச் சுவரில் அப்படியே இருந்தது. ஏறினேன். கீழே ஆள் இருந்தால் மண்டையில் போடலாம் என்று ஒரு ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். குனிந்து பார்த்தேன்.

அடுப்படித் தரையில் நரைத்த தலை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டு. முதலில் அம்மாதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கை கூப்பக் கூடப் போனேன். பிறகுதான் அந்தப் பச்சைப் புடவை, பொங்கலுக்கு நான் எடுத்து அனுப்பியது.

கூப்பிட்டால் கேட்காது. கையிலிருந்த ஓட்டைக் கூரையிலேயே வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த வேப்பங்கொத்தை உங்கள் மடியில் போட்டேன். நீங்கள் மேலே பார்த்தீர்கள்.

இந்த ஊரில் அந்த நாளைப் பற்றி உங்களைவிடப் பயந்தவர் யாரும் இல்லை. நீங்கள் எப்படி உள்ளே உட்கார்ந்தீர்கள்? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

மாரக்காள்

•

ராமாபுரம்
2-5-2025

மாரா,

இந்தக் கடிதத்தைப் பரத் கையில் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அங்கன்வாடி டீச்சர் சொர்ணலதா கொள்ளேகாலம் போகிறாள், அவள் போடுவாள். இதுவரை நான் எழுதியது எல்லாம் அவன் படித்துவிட்டுத்தான் ஒட்டினான். உன்னுடையதையும் பிரித்துத்தான் கொடுத்தான். நான் உனக்கு என்ன எழுதியிருக்க முடியும்? கதவைத் திறந்து வை என்றுதான் எழுத முடியும். நான் வரும்போது திறந்திருக்க வேண்டுமே.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். சொல்கிறேன். கார்த்திகையில் ஜெயகிருஷ்ணனும் பரத்தும் என் முன்னால் உட்கார்ந்து நிறையப் பேசினார்கள். நான் தலையாட்டினேன். காது போன பிறகு நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன் மாரா. இல்லாவிட்டால் ஜனம் சலித்துக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிடுகிறது. என் தலையாட்டலை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டையே விலை பேசிவிட்டார்கள். உன் கடிதத்தைப் பார்த்துத்தான் நான் எதற்குத் தலையாட்டினேன் என்று தெரிந்துகொண்டேன்.

மலைக்குப் போகிறேன் என்று சொல்லி மைசூர் பஸ்ஸில் ஏறினேன். வந்தபோது நல்ல வெயில் ஏறிவிட்டது. வாசல்படியில் கொஞ்சம் நின்றேன். நிஜத்தைச் சொன்னால் கால் உள்ளே போகவில்லை. அப்புறம் உன்னை நினைத்தேன். போன வருஷம் நீயும் இதே மாதிரிதானே, போகத் தெரிந்தும் போகாமல், உள்ளே உட்கார்ந்திருப்பாய்? அதற்கு உனக்கு என்னென்ன எழுதினேன். உள்ளே போய் அடுப்படியில் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்தேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன்.

அவன் மத்தியானம் வந்தான். இரண்டு ஆள், கையில் புதுப் பூட்டு. ஆட்கள் உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார்கள். இவன் வாசலில் நின்று கத்தினான். வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது போனதில் அன்றைக்கு ஒரு புண்ணியம். "எம் பங்கு இந்த வீட்டுக்குள்ளதான் இருக்குது, வந்து தூக்கிட்டுப் போடா பாக்கலாம்" என்றேன்.

வரவில்லை மாரா. ஓல்டு கஸ்டம் என்று சிரிக்கிறவன், பூட்ஸ் காலை வாசல்படிக்கு இந்தப் பக்கம் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறிவிட்டது. கை இரண்டையும் நீட்டிக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. "வெளிய வாக்கா. வெளிய வந்துருக்கா." கேழ்வரகுத் தாளிலிருந்து நான் தூக்கியபோது இருந்த அதே முகம். பூட்டைக் கீழே போட்டுவிட்டான். எழுந்து போய் அவன் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அந்தப் பூட்டு உன் வாசலில் எங்காவது கிடக்கும், தேடிப் பார்.

நீ தட்டியது கேட்கவில்லை. என்ன திட்டினாய் என்று எழுது, வயசான காலத்தில் சிரிக்க வேண்டாமா?

நாலைந்து நாளாக உடம்பு கொஞ்சம் சுடுகிறது. வெயில் காலம். வேறு ஒன்றும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ரங்கம்மா

•

மைசூர்
7-5-2025

என் நங்கையாவுக்கு,

சுகமா என்று இந்தத் தடவை கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவருகிறேன். என் எதிரிலேயே படியுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் காலமாம். பரத்துக்குப் போன் செய்தேன். டாக்டர் இரண்டு தரம் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை என்றான். அவன் குரலில் பழைய சாமர்த்தியம் இல்லை. "நாந்தானத்தை காரணம்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

இன்று காலையில் ஜெயகிருஷ்ணன் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. சவரம் செய்யாத முகம்.

"அண்ணி, அக்காவுக்கு ஜொரம் எறங்கலையாம். உங்களைத்தான் கேக்குதாம். கார்ல போயிரலாம், வாங்க."

"வீடு?" என்றேன்.

"வீட்டை விடுங்க அண்ணி."

என்னை வெளியே கொண்டுபோக இதுவும் ஒரு வழியோ என்று தோன்றியது. அவர் முகத்தையே பார்த்தேன். நிஜமா, வேஷமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை நங்கையா. அன்றைக்குக் கிடைத்த பூட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். "இது உங்களுதுங் தம்பி" என்றேன். அவர் அதை வாங்கிச் சாக்கடையில் போட்டார். உங்கள் பூட்டன் போட்ட கல் சாக்கடை. அதற்கும் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. வேறு பூட்டு கடையில் கிடைக்காதா என்ன?

இருந்தாலும் வருகிறேன். நாளைக் காலையில் கிளம்புகிறோம். உங்களுடைய வீடு சிமெண்ட் தளம், ஓடு கழற்ற வழியில்லை. அதனால் நான் இங்கே ஏணி போட்டு ஏறி இரண்டு ஓட்டையும் எடுத்துவிட்டேன். உங்களுக்குக் காய்ச்சல் இறங்கும் வரை அது திறந்தே இருக்கும். வெயில் விழட்டும். மழை வந்தால் மழையும் விழட்டும், நனைந்த அடுப்பை நான் காயவைத்துக்கொள்கிறேன். கதவையும் பூட்டப் போவதில்லை. உங்களோடு யாராவது தங்கியிருந்தால், அவள் வெளியே போக வழி வேண்டாமா?

நீங்கள் கேட்டீர்களே, என்ன திட்டினேன் என்று. பிறந்த வீட்டை விற்றுத் தின்னப் பார்க்கிறவள் என்று தெருவெல்லாம் கேட்கச் சொன்னேன். சிரியுங்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். காரின் பின்சீட்டில் தலையணை போட்டு வைத்திருக்கிறேன். அவர் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது, அதை அடுப்படியில் வெயில் விழும் இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டேன். என்னோடு மைசூருக்கு, உங்கள் வீட்டுக்கு, வருகிறீர்களா?

படித்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். எனக்குக் காது கேட்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற
மாரக்காள்